காத்தாடி ஊரில் மின்சாரக் கார் ஓட்டினால் புகை உண்மையிலேயே குறையுமா?

பாளையங்கோட்டையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். தினமும் 40 கி.மீ. ஓட்டம், மாதம் ஒரு தடவை திருச்செந்தூரோ நாகர்கோவிலோ, வருஷத்துக்கு இரண்டு தடவை சென்னை. "பணகுடிப் பக்கம் போனா கண்ணுக்கெட்டுன தூரம் காத்தாடி, கூடங்குளத்துல அணு உலை, ஆனா தூத்துக்குடியில நிலக்கரி. மின்சாரக் கார் வாங்கினா புகை குறையுமா, இல்ல புகைபோக்கி இடம் மாறுறதோட சரியா? அதுக்கு ஹைபிரிட் மேலா?" என்பது கேள்வி. (காத்தாடி என்று நம் பக்கம் சொல்வது காற்றாலையை; ஹைபிரிட் என்பது பெட்ரோல் இஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள கார்.) விலையை நீங்கள் கேட்கவில்லை, நானும் அதற்குள் அதிகம் போகவில்லை. உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது, உங்கள் வீட்டு மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு நிற்கிறது என்பதைத்தான். அதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல், வகுத்தல்.

சந்தேகமே இல்லாத பக்கத்தில் இருந்து தொடங்குகிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோ. முக்கால் கிலோ எடைகூட இல்லாத பெட்ரோல் எப்படி 2.3 கிலோ ஆகும் என்று பலர் கேட்பார்கள். 12 பங்கு கார்பன் காற்றில் இருந்து 32 பங்கு ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்காக வெளியேறுகிறது, அவ்வளவுதான். இது வேதியியல் என்பதால் இஞ்சின் புதிதா பழையதா, புகைக் கட்டுப்பாட்டுத் தரம் பி.எஸ்.4-ஆ பி.எஸ்.6-ஆ என்பதெல்லாம் இந்த எண்ணை மாற்றாது. கச்சா எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, லாரியில் பங்க் வரை கொண்டு வருவதற்கு இன்னும் ஏறக்குறைய 20 சதவீதம் சேர்க்க வேண்டும். ஆகவே நம் சாலையில் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் ஒரு நடுத்தரப் பெட்ரோல் கார், 2300-ஐ 15-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 153 கிராம், அந்த 20 சதவீதத்தையும் சேர்த்தால் 184 கிராம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறேன்.

ஆற்றல் கணக்கில் மின்சாரக் கார் முதல் பார்வைக்கு எங்கோ முன்னால் நிற்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 8.9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 15 கி.மீ. மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு 0.59 யூனிட். அதே அளவு மின்சாரக் கார் பேட்டரியில் இருந்து 100 கி.மீ.க்குச் சுமார் 14 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் சுவர் பிளக்கில் 16 யூனிட், அதாவது கிலோமீட்டருக்கு 0.16. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. பெட்ரோல் இஞ்சினில் பெரும்பகுதி ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகவே போய்விடுகிறது, மோட்டாரில் அந்த இழப்பு இல்லை. ஆனால் அந்த 0.16 யூனிட் எங்கோ ஒரு கொதிகலனில் இருந்து வந்திருந்தால், வெப்ப இழப்பு அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அனல் மின் நிலையம் நிலக்கரியின் வெப்பத்தில் 35 சதவீதம் போலத்தான் மின்சாரமாக்குகிறது. வழியில் கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் 12 சதவீதம் இழப்பு என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 0.52 யூனிட் அளவுக்கு நிலக்கரி எரிந்திருக்கும். நிலக்கரி அதே வெப்பத்துக்குப் பெட்ரோலைவிட அதிகக் கார்பன் விடும் எரிபொருள். முழுக்க முழுக்க நிலக்கரியிலேயே ஓடும் மின்சாரக் கார் கிலோமீட்டருக்கு 175 கிராமைத் தொட்டுவிடும், ஏறக்குறைய பெட்ரோல் காருக்குச் சமம். "மின்சாரக் கார் என்றால் புகையே இல்லை" என்பவர்களும் "பெட்ரோலைவிட மோசம்" என்பவர்களும் தவறுவது இந்த இடத்தில்தான். மிக மோசமான நிலையிலும் கிட்டத்தட்டச் சமம். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் மின்சாரத்தின் கலவையைப் பொறுத்தது.

அந்தக் கலவைக்கு வருவோம். மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில் 2023-24-க்கு நாட்டின் சராசரி ஒரு யூனிட்டுக்கு 0.727 கிலோ. அது மின் நிலையத்தின் வாசலில் எடுத்த எண். 12 சதவீத இழப்பைச் சேர்த்தால் உங்கள் பிளக்கில் 0.83 கிலோ. 0.16 யூனிட்டை 830 கிராமால் பெருக்கினால் கிலோமீட்டருக்கு 133 கிராம். நிலக்கரியை வெட்டி, தல்ச்சேர் சுரங்கத்தில் இருந்து பாரதீப் துறைமுகம் வந்து கப்பலில் தூத்துக்குடிக்குக் கொண்டு வருவதையும் சேர்த்தால் இன்னும் சில கிராம் ஏறும். பெட்ரோலின் 184-ஓடு வைத்துப் பார்த்தால் கால் பங்குக்கு மேல் குறைவு. நல்ல குறைவுதான், ஆனால் விளம்பரத்தில் சொல்லும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

"சுற்றிலும் காத்தாடி இருக்கும்போது நாட்டின் சராசரியை ஏன் என் தலையில் கட்டுகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஆனால் விடை உங்களுக்குப் பிடிக்காது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை இணைக்கப்பட்ட பிறகு தென்னிந்திய மின் தொகுப்பும் வட இந்தியத் தொகுப்பும் ஒரே அதிர்வெண்ணில் ஓடும் ஒரே தொகுப்பு. பல வாய்க்கால்களில் இருந்து தண்ணீர் வந்து சேரும் குளத்தில் உங்கள் மடையில் வருவது எந்த வாய்க்கால் தண்ணீர் என்று பிரிக்க முடியாது, அது மாதிரி. ராதாபுரத்துக் காற்றாலை உங்கள் கார் வாங்குவதற்கு முன்பே சுற்றிக்கொண்டிருந்தது, அந்த மின்சாரத்தை யாரோ பயன்படுத்திக்கொண்டும் இருந்தார்கள். இரவு பத்து மணிக்கு நீங்கள் புதிதாக 3 கிலோவாட் இழுக்கும்போது காற்று கூடுதலாக வீசப் போவதில்லை. கூடங்குளத்தின் இரண்டு உலைகளும் முடிந்தவரை முழுத் திறனிலேயே ஓடுபவை, உங்களுக்காக ஏறி இறங்காது. அந்த நேரத்தில் உற்பத்தியைக் கூட்டுவது பெரும்பாலும் ஏதோ ஒரு அனல் மின் நிலையம்தான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அது நம் பக்கத்துக்கே உரியது. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை காற்று அள்ளி வீசும் காலத்தில், தேவையைவிட உற்பத்தி மிஞ்சிவிடும் நேரங்களில், ஓடக்கூடிய காற்றாலைகளையே நிறுத்தச் சொல்வார்கள். அப்படி நிறுத்தும் நேரத்தில் நீங்கள் சார்ஜ் போட்டால் அது உண்மையிலேயே வீணாகப் போகவிருந்த காற்று. ஆனால் அது எந்த மணி நேரம் என்பது உங்கள் மீட்டரில் தெரியாது. சூரிய மின்சாரம் தொகுப்பில் நிறைந்திருக்கும் நேரம் காலை பத்தில் இருந்து மூன்று மணி வரை. வண்டி வீட்டிலோ அலுவலகத்திலோ பிளக் பக்கத்தில் நின்றால் அந்த நேரத்தில் ஏற்றுவது, மாலை ஆறில் இருந்து பத்து வரை ஏற்றுவதைவிட எப்போதும் சுத்தம். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில் நள்ளிரவுக்குப் பிறகு ஏற்றுவதும் மோசமில்லை. இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2025 ஜூனில் நாட்டின் மின் நிறுவு திறனில் பாதி, நிலக்கரியோ எரிவாயுவோ அல்லாத வகையாகிவிட்டது என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். அது எல்லா நிலையமும் முழு மூச்சில் ஓடினால் தரக்கூடிய திறன். உண்மையான உற்பத்தியில் நிலக்கரியின் பங்கு இன்னும் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கிறது, ஏனென்றால் சூரியத் தகடு இரவில் தூங்கும், காற்றாலை ஐப்பசிக்குப் பிறகு தூங்கும்.

ஹைபிரிட்டைப் பற்றி. முதலில், அந்தப் பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்கிறார்கள். 'மைல்ட் ஹைபிரிட்' என்பது கொஞ்சம் பெரிய ஸ்டார்ட்டர் மோட்டார். சிக்னலில் இஞ்சினை நிறுத்தி, கிளம்பும்போது ஒரு தள்ளு தள்ளும், தனியாகச் சக்கரத்தைச் சுற்றாது. மிச்சம் சொற்பம். நான் இங்கே பேசுவது ஸ்ட்ராங் ஹைபிரிட். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் வண்டிகளில் உள்ள 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இஞ்சின் அந்த வகை. பேட்டரி ஒரு யூனிட்கூட இல்லை, முக்கால் யூனிட் அளவுதான். அதைப் பிளக்கில் போட முடியாது. எல்லா ஆற்றலும் பெட்ரோலில் இருந்தே வருகிறது. சேமிப்பு வரும் வழி இரண்டு: பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகத்தைப் பேட்டரிக்குத் திருப்புவது, இஞ்சின் திணறும் மெதுவான ஓட்டத்தில் அதை அணைத்துவிட்டு மோட்டாரில் ஓடுவது. திருநெல்வேலியின் வண்ணார்பேட்டை, ஜங்ஷன், டவுன் நெரிசலில் இது அருமையாக வேலை செய்யும். நான்குவழிச் சாலையில் 100-இல் சீராகப் போனால் பிரேக்கும் இல்லை, மெது ஓட்டமும் இல்லை, அனுகூலம் சுருங்கிவிடும். சான்றிதழ் மைலேஜ் 27.97 கி.மீ.; ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டினால் 20-இல் இருந்து 22 என்று வைப்பதே நியாயம். 21 என்றால் கிலோமீட்டருக்கு 110 கிராம், எரிபொருள் வரும் வழியையும் சேர்த்தால் 131.

ஆமாம், மின்சாரக் காருக்கு வந்த 133-க்கு ஏறக்குறைய அதே எண். இன்றைய சராசரி மின்சாரத்தில் இரண்டும் சமம் என்பதே நேர்மையான விடை. பேட்டரி தயாரிப்பையும் சேர்த்தால் ஹைபிரிட் ஒரு படி முன்னேகூட வரும்.

பேட்டரிக் கணக்கு இப்படி. லித்தியம் பேட்டரியின் ஒவ்வொரு யூனிட் கொள்ளளவுக்கும் தயாரிப்பில் 60-இல் இருந்து 100 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடு. எங்கே, எந்த மின்சாரத்தில் செய்தார்கள், எல்.எஃப்.பி.யா (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) என்.எம்.சி.யா (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது) என்பதைப் பொறுத்து மாறும், எல்.எஃப்.பி. கீழ்ப் பக்கம். 75 என்று எடுத்தால் 45 யூனிட் பேட்டரிக்குச் சுமார் 3.4 டன். இது வண்டி ஷோரூமை விட்டு வெளியே வரும்போதே உங்கள் தலையில் இருக்கும் கடன். பெட்ரோல் காரைவிடக் கிலோமீட்டருக்கு 51 கிராம் மிச்சப்படுத்தி அதை அடைக்க 66,000 கி.மீ. ஓட வேண்டும். 30 யூனிட் பேட்டரி என்றால் 44,000 கி.மீ. போதும். நீங்கள் வருஷத்துக்கு 15,000 கி.மீ. ஓட்டுவீர்கள் போலத் தெரிகிறது. பெரிய பேட்டரிக்கு நாலரை வருஷம், சின்னதற்கு மூன்று. சுத்தமான போக்குவரத்தை ஆராயும் ஐ.சி.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு 2021-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் மின்சாரக் கார் வாழ்நாள் முழுக்கப் பெட்ரோல் காரைவிட 19-இல் இருந்து 34 சதவீதம் குறைவாகவே விடுகிறது என்றது. மேலே போட்ட கணக்கும் அந்த வரம்பின் கீழ் முனையை ஒட்டியே வருகிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பக்கம் நகரும், ஒரு பக்கம் நகராது. இன்று வாங்கும் ஹைபிரிட் பத்து வருஷம் கழித்தும் லிட்டருக்கு 2.3 கிலோதான் விடும். மின் தொகுப்பு சுத்தமாகச் சுத்தமாக, நீங்கள் ஏற்கெனவே வாங்கிய மின்சாரக் காரின் எண் தானாகவே இறங்கும். 0.727 என்பது 0.5 ஆனால் 133 என்பது 91 ஆகிவிடும். எவ்வளவு வேகமாக இறங்கும் என்பதில்தான் சந்தேகம். காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் கூடினாலும் தேவையும் கூடவே ஏறிக்கொண்டிருப்பதால் சராசரி எண் ஒவ்வொரு வருஷமும் இறங்கிவிடவில்லை. 2022-23-ஐவிட 2023-24 கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

கூரையில் சூரியத் தகடு போட்டால் தராசு முழுக்கச் சாய்ந்துவிடும். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 40 கி.மீ.க்கு 6.4 யூனிட் என்றால் 2 கிலோவாட் போதும், வடகிழக்குப் பருவமழை மாதங்களின் குறைவும் அதில் அடங்கிவிடும். தகடு தயாரித்த கார்பனையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 10 கிராமுக்குள் வரும். 45 யூனிட் பேட்டரியின் கடன் 20,000 கி.மீ.க்குள் அடைந்துவிடும். பகலில் தகடு கொடுத்து, இரவில் தொகுப்பில் இருந்து எடுத்தால் அது சூரிய மின்சாரமா என்று வாதம் செய்பவர்கள் உண்டு. கணக்கு வருஷ அளவில் சமன். நேரத்துக்கு நேரம் பார்த்தால் நீங்கள் பகல் நிலக்கரியைக் குறைத்து இரவு நிலக்கரியைக் கூட்டுகிறீர்கள். இப்போதைக்கு அது பெரும்பாலும் ஈடாகிவிடும். பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சத் தொடங்கினால் ஈடாகாது. அதனால் சனி, ஞாயிறு பகலிலேயே முழு சார்ஜ் ஏற்றும் பழக்கம் நல்லது.

இந்த எண்களைக் கலைப்பவை சிலவும் உண்டு. நாகர்கோவில் பயணம்: ஆனி, ஆடியில் காவல்கிணற்றில் திரும்பி ஆரல்வாய்மொழியை நோக்கிப் போனால் எதிர்க்காற்று. நீங்கள் 90-இல் போக, காற்று 30 கி.மீ. வேகத்தில் எதிரே வந்தால் வண்டிக்கு அது 120. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 1.78 மடங்கு. அந்தத் துண்டில் மின்சாரச் செலவு 40 சதவீதத்துக்கு மேல் கூடலாம். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும், ஆனால் இரண்டையும் கூட்டிப் பார்த்தால் காற்றே இல்லாத நாளைவிடத் தடை பத்து சதவீதம் போல அதிகமாகவே இருக்கும். பெட்ரோல் காருக்கும் இதே விதிதான், டாங்க் பெரிதாக இருப்பதால் கண்ணில் படாது. 90-ஐ 75 ஆக்கினால் பிரச்சினை பாதியாகிவிடும். ஏ.சி. இன்னொன்று: சித்திரை வெயிலில் ஒரு கிலோவாட் எடுக்கும் என்றால், ஊருக்குள் சராசரி 25 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ.க்கு 4 யூனிட், நெடுஞ்சாலையில் 80-இல் ஒன்றேகால் யூனிட்தான். ஆகவே நெரிசலில் வரும் குறைந்த ரேஞ்சைப் பார்த்துப் பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெயிலில் ஓடி வந்தவுடன் பிளக்கைச் சொருகாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். எல்.எஃப்.பி. பேட்டரி என்றால் வாரம் ஒரு முறை 100 வரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மீதிச் சதவீதத்தை வண்டி தப்பாகக் காட்டத் தொடங்கும்.

டீசல் கார் லிட்டருக்கு 20 கொடுத்தால் கார்பன் கணக்கில் 160 போல வந்து பெட்ரோலை வென்றுவிடும். ஆனால் தினமும் குறுகிய ஓட்டம் ஓடும் உங்களைப் போன்றவர்களுக்கு அதன் புகைத்துகள் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், நீண்ட சூடான ஓட்டம் கிடைக்காமல் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய முடியாது. வேண்டாம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் லிட்டருக்கு வரும் கார்பனும் குறையும், மைலேஜும் குறையும். சைலன்சர் வழியே வருவது கிலோமீட்டருக்குப் பார்த்தால் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். எத்தனால் பங்கைப் பயிர் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்று எவ்வளவு கழிக்கலாம் என்பது கரும்பா, மக்காச்சோளமா, அரிசியா என்பதைப் பொறுத்தது, அதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. நான் எதையும் கழிக்கவில்லை.

வீட்டில் ஸ்கூட்டர் இருந்தால் அதை முதலில் மாற்றுவது பற்றி யோசியுங்கள். லிட்டருக்கு 45 கொடுக்கும் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 61 கிராம். மின்சார ஸ்கூட்டர் பேட்டரியின் பங்கையும் சேர்த்து 34. குறைந்த பணத்தில் பாதிக்குப் பக்கத்தில் குறைப்பு. லிட்டருக்கு 60 கொடுக்கும் 100 சி.சி. பைக்கோடு ஒப்பிட்டால் மிச்சம் அவ்வளவு இல்லை, கால் பங்குதான். லிட்டருக்கு 5 கி.மீ. ஓடும் அரசுப் பேருந்தில் 40 பேர் உட்கார்ந்தால் தலைக்கு 16 கிராம் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன், கார் வாங்க வந்தவரிடம் சொல்லக் கூடாது என்றாலும்.

உங்கள் ஓட்டத்துக்கு என் கருத்து: சொந்தக் கூரையும் வண்டி நிறுத்த இடமும் இருந்தால் 2 கிலோவாட் தகட்டோடு 30 யூனிட் அளவு பேட்டரி உள்ள மின்சாரக் கார். சென்னைக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை என்பதற்காகப் பெரிய பேட்டரியை மீதி நாளெல்லாம் சுமக்க வேண்டாம், நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. வாடகை வீடு, மாடியில் குடியிருப்பு, பிளக் கிடையாது என்றால் ஸ்ட்ராங் ஹைபிரிட். இன்றைய நிலையில் அதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. இப்போது கையில் ஒரு நல்ல பெட்ரோல் கார் இருந்து அது வருஷத்துக்கு 5,000 கி.மீ.க்குள்தான் ஓடுகிறது என்றால், சுற்றுச்சூழலுக்காக என்று மாற்றாதீர்கள். அது வருஷத்துக்கு ஒரு டன்கூட விடவில்லை. பேட்டரியை விட்டுவிட்டாலும் ஒரு புதுக் காரைச் செய்யச் சுமார் 5 டன் ஆகும்.

மின்சாரக் கார் என்று முடிவு செய்தால், வாங்கும் முன்பே வயரிங்கைப் பாருங்கள். மீட்டர் போர்டில் இருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின் கசிவு இருந்தால் துண்டிப்பது), தரமான 16 ஆம்பியர் சாக்கெட். ஏ.சி.க்குப் போட்ட பழைய சாக்கெட்டில் சொருகினால் எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடும் கரண்ட்டுக்குத் தளர்ந்த திருகு சூடாகி பிளாஸ்டிக் உருகும். பெரும்பாலான 'சார்ஜர் கோளாறு' இதுதான். அடுத்தது எர்த். நம் பக்கத்துச் செம்மண்ணும் பாறையும் கோடையில் காய்ந்து எர்த் தடை ஏறிவிட, சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். தனி எர்த் குழி போட்டு, 5 ஓமுக்குள் வருகிறதா என்று அளந்து, பங்குனியில் இருந்து வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். சாக்கெட்டுக்கு முன்னால் ஒரு சப்-மீட்டரும் வைத்துவிட்டால், மாத யூனிட்டை ஓடிய கிலோமீட்டரால் வகுத்து 830-ஆல் பெருக்குங்கள். என் 133-க்குப் பதிலாக உங்கள் வண்டியின் சொந்த எண் கிடைத்துவிடும்.